சிலோன் ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பாட்டு ஒன்று எங்கேயாவது ஒலித்தால் போதும், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் 'இதெல்லாம் சிலோன் ரேடியோவில் கேட்கணும்' என்று ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் இருக்கும் பையனுக்கு ஒன்றும் புரியாது. இலங்கை அரசு நடத்திய ஒரு வானொலியின் வர்த்தக சேவை தமிழ்நாட்டு வீடுகளில் எப்படி வந்து உட்கார்ந்தது? பையன்கள் என்னிடம் கேட்டவையும், அவர்களுடைய அப்பா, சித்தப்பாக்கள் என்னோடு மல்லுக்கு நின்றவையும் கீழே இருக்கின்றன. நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரன். கொஞ்சம் சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலோன் ரேடியோ, இலங்கை வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றேதான். 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற அரசுத் துறையாக உருவானது. 1967 ஜனவரி 5 முதல் கூட்டுத்தாபனம். 1972 மே மாதம் நாடு குடியரசாகி 'சிலோன்' என்ற பெயரை விட்டபோது வானொலியும் விட்டது. நாங்கள் விடவில்லை.

'கூட்டுத்தாபனம்' என்ற சொல்லைச் சின்ன வயதில் ஏதோ பெரிய ஆலமரம் மாதிரியான பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மூரில் 'கழகம்' என்போமே, அதற்கு அவர்கள் வைத்த சொல் அது என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இது ஆசியாவின் முதல் வானொலி என்கிறார்களே?

அன்பினால் சொல்வது. கொழும்பில் சோதனை ஒலிபரப்பு 1920களின் தொடக்கத்திலேயே நடந்தது. தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய ஆட்களும், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ உறுப்புகளை வைத்து ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரைக் கட்டினார்கள். மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறை ஒன்றில் இருந்து கிராமபோன் இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார்கள். முறைப்படியான நிலையம் 1925 டிசம்பர் 16 அன்று வெலிக்கடையில் தொடங்கியது.

ஆனால் டோக்கியோவில் அதே 1925 மார்ச்சிலேயே ஒலிபரப்பு ஆரம்பித்துவிட்டது. சென்னையிலும் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பியது. மூன்று வருஷத்தில் பணமில்லாமல் படுத்துவிட்டது. எனவே 'ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் ஒன்று' என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஒரு சின்னத் தீவுக்கு அவ்வளவு பெரிய டிரான்ஸ்மிட்டர் எதற்கு?

தீவுக்காக வந்ததே இல்லை அது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போட 'ரேடியோ சீயாக்' என்ற படையினர் வானொலி தொடங்கியது. முதலில் 7.5 கிலோவாட்தான். போதாது என்று 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டரைக் கொழும்புக்கு வடக்கே, ஜா-எலவை அடுத்த ஏக்கலையில் நிறுவினார்கள். வேலை முடிந்தது 1946இல். அதற்குள் போரே முடிந்துவிட்டது. கல்யாணம் முடிந்த மறுநாள் வந்து இறங்கிய பந்தல்காரர் கதை!

1949இல் ராணுவ வானொலி மூடப்பட்டு, கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. அக்கரையில் கோடிக்கணக்கான காதுகள் சும்மா இருந்தன. கையில் 100 கிலோவாட் இருந்தது.

வர்த்தக சேவை யாருடைய யோசனை?

வானொலி அரசுடையதாக இருந்தாலும் ஒரு பகுதியை விளம்பரத்தில் ஓட்டுவது என்று 1950இல் முடிவானது. ஆஸ்திரேலியரான கிளிஃபோர்ட் டாட் அதைக் கட்டி எழுப்பினார். ஆஸ்திரேலியாவில் அரசு வானொலியும் தனியார் வர்த்தக வானொலிகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்து பழகியவை. விளம்பரத்தை வைத்து வானொலி நடத்துவது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று இந்தியாவை நோக்கி ஒலிபரப்பினார்கள். உள்நாட்டில் சிங்களத்திலும் தமிழிலும் வர்த்தக சேவைகள் தனியாக வளர்ந்தன.

இந்தியாவில் அகில இந்திய வானொலி இருக்கும்போது ஏன் கொழும்பைக் கேட்டார்கள்?

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் கேட்டால் 'கேஸ்கர்' என்பேன்.

பி.வி. கேஸ்கர் 1952 முதல் 1962 வரை இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர். சாஸ்திரிய சங்கீதத்தின் மேல் உண்மையான பக்தி கொண்டவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பினார். ஹார்மோனியத்தையே 1940 முதல் விலக்கி வைத்திருந்த வானொலிக்கு அப்படி ஒரு அமைச்சர் வாய்த்தால் கேட்க வேண்டுமா? சினிமாப் பாட்டுக்கு நேரம் குறைந்தது. பாட்டு எந்தப் படத்தில் என்று சொன்னால் அது படத்துக்கு விளம்பரம் ஆகிவிடும், எனவே சொல்லக்கூடாது என்றார்கள். தயாரிப்பாளர்கள் முறைத்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் ஜனங்கள் முணுமுணுக்கும் பாட்டு ஜனங்களின் வானொலியில் இல்லை.

கொழும்பு அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. பினாக்கா பற்பசைக்காக அமீன் சயானி நடத்திய இந்திப் பாட்டு வரிசை 1952 டிசம்பரில் ரேடியோ சிலோனில்தான் தொடங்கியது. பம்பாயில் நாடாவில் பதிவு செய்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது சிற்றலையில் திரும்ப பம்பாய்க்கே வரும். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானி பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்திய கம்பெனி, இந்தியக் குரல், இந்தியப் பாட்டு, இந்திய நேயர். நடுவில் வாடகை வாங்கியது மட்டும் கொழும்பு.

டெல்லிக்குப் புத்தி வர ஐந்து வருஷம் ஆனது. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித்பாரதி தொடங்கியது. அதிலும் விளம்பரம் எடுக்க 1967 வரை யோசித்தார்கள். அதற்குள் இங்கே ஒரு தலைமுறைக்குக் கொழும்பு பழகிவிட்டது. திருச்சியில் 1939இலேயே நிலையம் இருந்தும் திருநெல்வேலிக்கு 1963இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ரேடியோ வாங்கியதே சிலோனுக்காகத்தான்.

தமிழ் வர்த்தக சேவையில் யார் யார் இருந்தார்கள்?

முதலில் எஸ்.பி. மயில்வாகனம். வர்த்தக சேவையின் ஆரம்ப காலத்துத் தமிழ்க் குரல். என் மாமா தலைமுறைக்கு அவர்தான் எல்லாம். படத்தில் முகம் தெரிந்தால்தான் நட்சத்திரம் என்றிருந்த காலத்தில், முகமே தெரியாமல் நட்சத்திரமானவர்.

அவருக்கும் முன்னால், மேடைக்குப் பின்னால் நின்ற ஒருவரைச் சொல்ல வேண்டும்: சோ. சிவபாதசுந்தரம். ரேடியோ சிலோனின் தமிழ்ப் பகுதியை ஆரம்பத்தில் வழிநடத்தியவர். லண்டன் பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்ததும் அவரே. அச்சில் படிக்கும் தமிழ் வேறு, காதில் விழும் தமிழ் வேறு என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்து எழுதியவர்.

பிறகு கே.எஸ். ராஜா. அவர் பேசுவது ரயில் மாதிரி. படம், இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர்கள் என்று அத்தனை பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். கடைசிப் பெயர் முடியும் இடத்தில் பாட்டின் முதல் வரி ஏறிக்கொள்ளும். ஒரு நொடி இடைவெளி இருக்காது. டீக்கடையில் அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படிப் பேசிப் பார்ப்போம். 'இசையமைத்தவர்' வரைதான் வரும், அதற்கு மேல் இருமல். ராஜா பின்னாளில் கொழும்பில் கொல்லப்பட்டார். இங்கே பல பேருக்கு அது ரொம்ப நாள் கழித்தே தெரியும்.

பி.எச். அப்துல் ஹமீத் நேர் எதிர். நிதானம். ழகரமும் றகரமும் அவரவர் இடத்தில் பிசகாமல் நிற்கும். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியால் பெயர் பெற்றவர், பின்னால் அதையே சன் டிவிக்கும் கொண்டுவந்தார். தொலைக்காட்சியில் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று எங்கள் அத்தை, 'நான் இன்னும் உயரமா நெனச்சிருந்தேன்' என்றாள்.

ராஜேஸ்வரி சண்முகம், விசாலாட்சி ஹமீது, நடராஜசிவம், செய்தி வாசித்த சற்சொரூபவதி நாதன்... பட்டியல் போட்டால் விட்டுப்போன பெயருக்காக யாராவது என்னைத் திட்டுவார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் மட்டும் தனி. அதட்டாது, கொஞ்சாது, பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். 2012இல் காலமானார்.

என் கணிப்பில் இந்த அறிவிப்பாளர்கள்தான் முக்கால் காரணம். சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர் குரலை வாசல் வரை கொண்டுவரும், அவ்வளவுதான். விவித்பாரதி வந்து, விளம்பரமும் வந்து, பாட்டுக்குப் பஞ்சமே இல்லாமல் போன பிறகும் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்களே, அது குரலுக்காகத்தான். பாட்டு எழுதியவர் யார் என்று நாங்கள் தெரிந்துகொண்டதும் இவர்கள் வாயிலிருந்துதான்.

எந்த நிகழ்ச்சிகள் பிரபலம்?

காலையில் 'பொங்கும் பூம்புனல்'. 'நீங்கள் கேட்டவை', 'இசைத் தேர்தல்', 'திரை விருந்து', இரவில் 'இரவின் மடியில்'. 'இசையும் கதையும்' என்று ஒன்று: யாராவது எழுதி அனுப்பிய கதையை வாசித்துக்கொண்டே போய், சோகம் கூடும் இடத்தில் அதற்குத் தோதான பாட்டைச் செருகுவார்கள். கதை முக்கால்வாசி காதல் தோல்வி. எங்கள் தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுப்பை ஊதப் போவார்கள். புகை என்று சொல்லிக்கொள்ளலாம், வசதி.

சினிமாப் பாட்டு மட்டுமில்லை. நாடகங்கள், இலங்கைக் கவிஞர்களின் மெல்லிசைப் பாடல்கள், அப்புறம் பைலா என்ற இலங்கை ஆட்டத் தாளத்தில் துள்ளும் பொப்பிசை. பாடகர் சிலோன் மனோகரை இங்கே அறிமுகப்படுத்தியதில் இந்த ஒலிபரப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்குப் பிடித்தது பாட்டே குறைவாக இருந்த ஒரு நிகழ்ச்சி: 'பிறந்தநாள் வாழ்த்து'. முதல் பிறந்தநாள் காணும் ஒரு குழந்தையின் பெயர் வரும். அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, மாமி, மச்சாள் என்று உறவு முழுக்க வாழ்த்தும். உரும்பிராய், சுன்னாகம், கல்முனை, நாவலப்பிட்டி, பதுளை என்று ஊர்கள் வரும். யாரென்றே தெரியாத அந்தக் குழந்தைகளின் சொந்தபந்தத்தை நாங்கள் வாய் மூடாமல் கேட்டிருக்கிறோம். இலங்கை வரைபடத்தை நான் பள்ளியில் படிக்கவில்லை, இதில்தான் படித்தேன். 1980களில் அதே ஊர்ப் பெயர்கள் செய்தியறிக்கையில் வேறு விதமாக வர ஆரம்பித்தபோது, அந்தக் குழந்தைகளுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று அம்மா விரல் விட்டு எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

அவ்வளவு தூரம் எப்படிக் கேட்டது?

நேர்க்கோட்டில் பார்த்தால் கொழும்பிலிருந்து திருநெல்வேலி சுமார் 300 கிலோமீட்டர், சென்னை 680 கிலோமீட்டருக்குப் பக்கம். சிற்றலை நிலத்தோடு ஊர்ந்து வருவதில்லை. மேலே போய், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். அந்த மண்டலம் சூரியனை நம்பி இருப்பது. அதனால் பகலில் 25 மீட்டர் போன்ற குறுகிய அலை, இரவில் 41, 49 மீட்டர் என்று மாற்றிப் பிடிக்க வேண்டும். ஒலி அலை அலையாகக் கூடிக் குறையும். பல்லவி தெளிவாக வந்து சரணத்தில் கிணற்றுக்குள் போய்விடும்.

மத்திய அலை வேறு கதை. அது தரையோடு வரும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல் மேல் வரும் அலை அதிகம் தேய்வதில்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் கரைகளில் உள்ளூர் நிலையம் மாதிரி கேட்டதற்கு அதுதான் காரணம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தானே.

எங்கள் வீட்டில் ஒரு வால்வு செட். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. முதலில் உள்ளே ஆரஞ்சு வெளிச்சம், பிறகு லேசாகச் சூடேறிய தூசி வாசனை, பிறகு உறுமல். கூடத்தின் இரண்டு மூலைகளுக்கும் நடுவே செம்புக் கம்பிப் பின்னல் ஏரியல் தொங்கும். முன்பக்கத்தில் பச்சைக் கண் ஒன்று. நிலையம் சரியாகச் சிக்கினால் அந்தக் கண் இடுங்கும். குமிழை மயிரிழை நகர்த்தினால் போதும், கொழும்பு போய்ச் சீன பாஷை வந்துவிடும். அதனால் முள்ளைத் தொடும் உரிமை மாமாவுக்கு மட்டும்.

882இல் இரவில் கேட்டதும் சிலோன் ரேடியோதானா?

பலரும் குழம்பும் இடம். இலங்கையின் புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ நிறுவனத்தின் 400 கிலோவாட் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர் 882 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. ஜெபமும் பிரசங்கமும் கேட்டிருந்தால் அது இதுவே. திருகோணமலையில் 1984 முதல் ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல வானொலியும் ஒரு மறுஒலிபரப்பு நிலையம் நடத்தியது. இந்தியாவைக் குறிவைக்க இலங்கையை விட நல்ல இடம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டுமாமே?

ஆமாம். தபால் நிலையத்தில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் வருஷா வருஷம் முத்திரை குத்திவர வேண்டும். வருஷத்துக்கு 15 ரூபாய். 1980களின் நடுவில் ஒழித்தார்கள். இந்திய அரசுக்கு லைசென்ஸ் பணம் கட்டிவிட்டு இலங்கையைக் கேட்ட நாடு இது.

விளம்பரங்கள்?

கோபால் பல்பொடி. இந்தப் பெயரைச் சொன்னதும் பின்னணி இசையோடு ஞாபகம் வருகிறவர்கள் என் கட்சி. அதில் சொன்ன நாடுகளின் வரிசையைக் கேட்டுப் பல்பொடி உலகம் முழுக்க ஓடுகிறது என்று நம்பினோம். விளம்பரம் வந்தால் எழுந்து போகும் பழக்கம் அப்போது இல்லை. அதையும் சேர்த்துத்தான் மனப்பாடம்.

சிலோன் ரேடியோவைக் கேட்டு இங்கே கடிகாரம் திருத்தினார்களாமே, இரண்டும் வேறு நேரம் இல்லையா?

1996 மே மாதம் வரை ஒரே நேரம்தான். அந்த வருஷம் மின்வெட்டைச் சமாளிக்க இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, அக்டோபரில் அரை மணி நேரம் திரும்ப இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி நம்மோடு ஒன்றானது. 1996க்கு முன்பெல்லாம் அறிவிப்பாளர் மணி சொன்னதும் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவது எங்கள் வீட்டு வழக்கம்.

பிறகு ஏன் மங்கிப்போனது?

ஒரே நாளில் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அங்கே தமிழ்க் கலைஞர்கள் பலர் புலம்பெயர்ந்தார்கள். அரசின் வானொலியும் போரின் வானொலியாகத்தானே ஆகும்? செய்தி நேரத்தில் இங்கே பலர் முள்ளை லண்டன் பி.பி.சி.க்கோ மணிலாவின் வேரித்தாஸ் வானொலிக்கோ திருப்பினார்கள், பாட்டுக்கு மட்டும் திரும்பி வந்தார்கள். டேப் ரிக்கார்டர் வந்து, விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்கலாம் என்றானது. தூர்தர்ஷன், பிறகு கேபிள். கரகரப்பே இல்லாத பண்பலை வந்ததும் சிற்றலையைத் தேடிப் பிடிக்கும் பொறுமை போய்விட்டது. இலங்கையிலேயே 1990களின் கடைசியில் சக்தி, சூரியன் போன்ற தனியார் பண்பலைகள் வந்து சக்கைப்போடு போட்டன. இன்னொன்றும் உண்டு: தமிழ்நாட்டுத் தனியார் பண்பலைகளின் கலகலப்புப் பேச்சுக்குக் கொழும்புதான் தாத்தா. நிதானத்தை மட்டும் பேரன்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது கேட்க முடியுமா?

பழைய தமிழ் வர்த்தக சேவை 'தென்றல்' என்ற பெயரில் தொடர்கிறது. இலங்கையில் பண்பலையில் வருகிறது, மற்றவர்களுக்கு இணையம் இருக்கிறது. பழைய நேயர்கள் டேப்பில் பதிந்து வைத்தவை யூடியூபில் கிடைக்கின்றன. கேட்கும்போது பாட்டைத் தாண்டி, நடுவில் யாரோ வீட்டுப் பாத்திரம் விழும் சத்தத்தையும் கவனியுங்கள்.

நீங்கள் கடிதம் போட்டதுண்டா? பெயர் வந்ததா?

தபால் பெட்டி எண் 574, கொழும்பு. இன்றும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். ஏழெட்டுக் கடிதம் போட்டிருப்பேன். ஒவ்வொரு வாரமும் வீடு முழுக்கக் காத்திருக்கும், யார் யார் பெயரோ வரும், என் பெயர் வராது.

ஒருநாள் சாயங்காலம் மண்ணெண்ணெய் வாங்க அனுப்பிவிட்டார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது டீக்கடை ரேடியோவில் நான் கேட்டிருந்த அதே பாட்டு. நின்று முழுசாகக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கடா போயித் தொலஞ்ச? இப்பத்தான் உம் பேரச் சொன்னாவ!"